வழிக்குத் தெளித்த பால்

முதல் தடவை அந்தக் குரலைக் கேட்டபோது மேல்வீட்டில் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். கொலோனில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் மூன்றாம் மாடி எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அடுப்பில் கத்தரிக்காய் வதங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பெண்குரல் எழும்பியது. எழும்பி, ஒரு இடத்தில் நின்று நடுங்கி, பிறகு இன்னும் மேலே போனது. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து அப்படிக் குரல் வந்தால் உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடவேண்டும். போகாதவளை ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். நானும் அடுப்பை நிறுத்தி, தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு படியேறினேன். ஏறும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அது சுலபமாக வரும்.

கதவைத் திறந்தவள் என் வயதுக்காரி. அகன்ற முகம், கையில் ஒரு கோப்பை. அழுத அடையாளம் ஒரு துளியும் இல்லை. அவளை யோசிக்கவிடாமல் கட்டிப்பிடித்து முதுகைத் தடவினேன். அவளுக்குப் பின்னால் ஒரு மனிதர் கதிரையில் இருந்தார். மடியில் இரண்டு தந்திகள் கட்டிய ஒரு வாத்தியம், அதன் உச்சியில் செதுக்கிய குதிரைத்தலை. வில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

"உங்கட வீட்டிலயோ?" என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

நாங்கள் பேசியது ஜெர்மன். அவளுடையதும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. அதை அப்படியே எழுதினால் வாசிக்கிறவர்களுக்குத் தலையிடிதான் வரும். ஆகவே என் வாயில் வருகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

அவர்கள் மொங்கோலியர்கள். அவள் தன் ஊரில் ஒரு நாடக அரங்கில் பாடியவளாம். குழுவோடு ஜெர்மனிக்கு வந்து, வாத்தியக்காரரைக் கட்டி, இங்கேயே நின்றுவிட்டாள். நான் சாவீட்டு அழுகை என்று நினைத்தது அவர்களுடைய நெடும்பாட்டு. புல்வெளியில் குதிரைமேல் இருந்து பாடுவது. பக்கத்தில் ஆள் இல்லாத நாட்டில் தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்கவேண்டும் என்பதால் ஒரு சொல்லை மூச்சு முடியும்வரை இழுத்து, அடுத்த மூச்சில் அதே சொல்லைத் தொடருவார்கள். நாலு வரிப் பாட்டு முடிவதற்குள் அரிசி வெந்துவிடும். "இது சந்தோசமான பாட்டு. கலியாணத்தில பாடுறது," என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

அழுதுகொண்டு ஓடிவந்த வேகத்தில் அவர்களுடைய நிலைப்படியை மிதித்துவிட்டேன். அது பெரிய குற்றமாம். மிதித்தால் அந்த வீட்டின் கழுத்தை மிதித்தது போல. திரும்பி வெளியே போய், படியைத் தாண்டி, புதிதாக வரச் சொன்னாள். போய் வந்தேன். தேத்தண்ணி தந்தாள். வலது கையால் நீட்டும்போது இடது கை முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு மிடறு குடித்தேன். பாலும் உப்பும் போட்ட தேத்தண்ணி. எப்படி விழுங்கினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இப்படித்தான் அவள் என் சிநேகிதி ஆனாள். ஆனால் இது அவளைப் பற்றிய கதை மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் ஊருக்குப் போனார். போனவர் வருவாரா என்று மூன்று வருசம் கீழ்வீட்டில் நானும் மேல்வீட்டில் அவளும் காத்திருந்தோம். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. அவர் ஒருவர்தான் என் வீடு.

அவருடைய பெயரை நான் சொல்வதில்லை. எங்கள் பக்கத்துப் பழக்கம். அவளுடைய ஊரிலும் மருமகளாகப் போனவள் புருசன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லமாட்டாளாம். அதனால் எங்கள் பேச்சில் பெயர்களே இருந்ததில்லை. "உன்ர மனுசன்", "என்ர மனுசன்", அவ்வளவுதான். யார் என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

நான் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். ஆள் தேவை என்றதும் அவளையும் சேர்த்துவிட்டேன். படுக்கை விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து, உதறி, நடந்து கிட்ட வந்து, என் மூலைகளை அவள் கையில் கொடுத்து, கீழே தொங்குவதை நான் எடுக்கவேண்டும். நாள் முழுக்க அதுதான். இயந்திரங்கள் ஓடுகிற சத்தத்தில் அவள் பாடிப் பழகுவாள். வாய் திறந்திருப்பதும் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரியும், குரல் எனக்கு வராது. வீட்டில் பாடினால் முதல் மாடிக் கிழவர் தடியால் கூரையை இடிப்பார், இங்கே அந்தத் தொல்லை இல்லை என்பாள்.

என் வீட்டுக்காரர் அவளுடைய பாட்டில் விழுந்துபோனார். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அரை மணித்தியாலத்தில் குறட்டை விடுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படியில் போய் இருந்துகொண்டு மேலே இருந்து வருவதைக் கேட்பார். "உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டால், "விளங்கத் தேவையில்லை, விடும்," என்பார். தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கு அவர்களைக் கூப்பிடவேண்டும் என்று குழுவில் சண்டை பிடித்ததும் அவர்தான். குழுவில் அவருடைய பொறுப்பு கதிரை அடுக்குவதும் ஒலிவாங்கி பார்ப்பதும். அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டே சாதித்துவிட்டார்.

அந்த விழாவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். மொங்கோலியர்களின் விருந்தில் முதலில் நெடும்பாட்டுத்தான். அது நடக்கும்போது ஒருவரும் பேசவும் கூடாது, எழும்பவும் கூடாது, குடிக்கவும் கூடாது. எங்கள் சனம் எப்படி? பின்வரிசையில் வடை விநியோகம். நடுவரிசையில் கலியாணப் பேச்சு. அவள் நீல அங்கியும் கூர்த்தொப்பியுமாக நின்று மூச்சை இழுத்த இடத்தில், பாட்டு முடிந்துவிட்டது என்று கைதட்டினார்கள். பிறகு அவளுடைய மனுசன் தொண்டையால் பாடினார். ஒரே தொண்டையில் கீழே ஒரு உறுமலும் மேலே ஒரு விசிலும் ஒரே நேரத்தில் வரும். முன்வரிசையில் இருந்த ஒரு அண்ணை, "இந்தாளுக்குத் தொண்டையில ஏதும் வருத்தமோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

அப்போது என் வீட்டுக்காரர் மேடையில் ஏறினார். வாழ்க்கையில் ஒலிவாங்கியைச் சோதிக்க மட்டும் பேசியவர், அதைப் பிடுங்கி எடுத்து, "கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கோ! வீட்டுக்கு வந்த ஆக்களை இப்பிடியோ நடத்திறது? ஏலாட்டி வெளியில போங்கோ!" என்று கத்தினார். மண்டபம் அடங்கிவிட்டது. அவள் பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள். முடியும்வரை இவர் மேடையின் ஓரத்திலேயே காவல்காரன் மாதிரி நின்றார்.

முடிந்ததும் அவள் நீலநிறப் பட்டுத்துணி ஒன்றை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் விரித்து அவருக்கு நீட்டினாள். வானத்தின் நிறம் என்று அவர்கள் மிகவும் மதிக்கிற துணி. வாங்குகிறவரும் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, மடித்து, வீட்டில் உயரமான இடத்தில் வைக்கவேண்டும். இவருக்கு அது எங்கே தெரியும்? பொன்னாடை என்று நினைத்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு குனிந்தார். அவள் கையை நீட்டியபடியே நிற்க, இவர் குனிந்தபடியே நிற்க, கடைசியில் தானே எடுத்துத் தோளில் போர்த்துக்கொண்டு சபையைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றைக்குச் சனம் சரியான இடத்தில் கைதட்டியது அதற்கு மட்டும்தான். அவள் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. அன்றிலிருந்து அவருக்கு அவள் தங்கச்சி முறை.

இரண்டாயிரத்து ஆறில் அவருடைய தாய் வன்னியில் படுத்த படுக்கையாகிவிட்டா என்று செய்தி வந்தது. சமாதான காலம் முடிகிற மணம் அடித்துக்கொண்டிருந்தது. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது தாய் அல்லவா. "மூண்டு கிழமையில வந்திடுவன்," என்றார்.

வெளிக்கிடுகிற நாள் சகுனம் சரியாக இருக்கவேண்டும் என்று நானே முன்னால் கீழே இறங்கிப் போய், ஒரு பானையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அவருக்கு எதிரே நடந்து வந்தேன். வாடகைக் கார்க்காரன் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். "போயிட்டு வாறன்," என்றார். கார் அசைந்தது. அந்த நேரம் மேல்வீட்டுக்காரி தன்னுடைய நீல அங்கியை உடுத்துக்கொண்டு, ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் குழிகள் வெட்டிய ஒரு மரக்கரண்டியுமாகப் படியிறங்கி ஓடிவந்தாள். காருக்குப் பின்னால் நின்று கிண்ணத்தில் இருந்ததைக் கரண்டியால் அள்ளி அள்ளி வீசினாள். தாரில் வெள்ளையாக விழுந்தது. பால்.

எங்கள் சனத்துக்கு நிலத்தில் பால் ஊற்றுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். எரித்த அடுத்த நாள் சுடலைக்குப் போய்ச் சாம்பலில் பால் ஊற்றுவார்கள். காடாத்து என்று சொல்வோம். உயிரோடு போகிற மனிதருக்குப் பின்னால், அவர் கண்ணாடிக்குள்ளால் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும்போது, இவள் காடாத்துச் செய்கிறாள்.

"என்னடி வேலை பார்த்தனி? உயிரோட போறவருக்குப் பால் தெளிக்கிறியோ?" தமிழில்தான் கத்தினேன். அவளுக்குக் குரல் மட்டும் விளங்கியது.

"வழி வெள்ளையா இருக்கட்டும் எண்டு," என்றாள். "வீட்டுப் பொம்பிளை தெளிக்கிறது. உன்ர கையில பால் இல்லை, அதுதான் நான் கொண்டுவந்தன்."

நான் கேட்கவில்லை. பானையிலிருந்த தண்ணீரை அந்த இடத்தில் கவிழ்த்து, காலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிக்கிட்ட ஆள் போய்ச்சேர முன்னர் வாசல் கூட்டிக் கழுவக்கூடாது என்பது எங்களுக்கும் உள்ள வழக்கம்தான். அது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை. அதைப் பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன். பயந்தவளுக்கு வழக்கம் எங்கே நினைவு வரும்?

அவர் போய்ச்சேர்ந்து சில கிழமைகளில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் உள்ளே. வெளியே வருவதற்கு இராணுவத்திடமும் இயக்கத்திடமும் பாஸ் வேண்டும், இரண்டு பக்கமும் கிடைக்காது. கிடைத்தாலும் படுத்த படுக்கையான தாயை விட்டுவிட்டு அவர் வரப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பாலைத்தான் குற்றம் சொன்னேன். அரசாங்கத்தைத் திட்டினால் அது எனக்கு முன்னால் வந்து நிற்காது. இவள் தினமும் என் முன்னால் நின்றாள், விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு.

அந்த மாதங்களில் நாங்கள் ஒரு சொல்லும் பேசாமல் மடித்தோம். உதறுவோம், நடந்து கிட்ட வருவோம், மூலைகளைக் கொடுக்கும்போது அவள் விரல் என் விரலில் படும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் பாடுவதையும் நிறுத்திவிட்டாள்.

மாரிக்குளிர் தொடங்கியபோது என் பல்கனியில் காயப்போட்ட உடுப்புகளில் வெள்ளைப் புள்ளிகள் கண்டேன். புறா என்று நினைத்து நெகிழிக் காகம் ஒன்றை வாங்கிக் கட்டினேன். புள்ளி நிற்கவில்லை. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால், பல்கனிக் கம்பியில் வெள்ளைத் துளிகள் உறைந்துபோய் வரிசையாக நிற்கின்றன. விரலால் சுரண்டிப் பார்த்தேன். பால்.

புள்ளி விழுந்த என் சட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இன்னும் விடமாட்டியோ?"

அவள் கோபிக்கவில்லை. நிதானமாகச் சொன்னாள். வீட்டிலிருந்து ஒருவர் தூரவழி போனால், அவர் திரும்பி வரும்வரை ஒவ்வொரு விடியலிலும் முதல் பாலை வெளியே வந்து அவர் இருக்கிற பக்கம் பார்த்து வீசவேண்டும். தன் மனுசன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஹொலண்ட், பெல்ஜியம் என்று கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் அவள் அப்படித்தான் செய்கிறாளாம். "இது வீட்டுப் பொம்பிளையின்ர வேலை. நீ செய்யமாட்டாய். அவர் இந்தக் கூரைக்குக் கீழதானே இருந்தவர். அதால நான் செய்யிறன்."

"எனக்காகச் செய்யத் தேவையில்லை."

"உனக்காக இல்லை," என்றாள். "எனக்காக ஒருத்தரும் பேசாத இடத்தில அவர் மேடையில ஏறி நிண்டவர்."

கதவடியில் நின்று, கையில் ஈரச் சட்டையோடு, சுவரைப் பார்த்தேன். அவள்தான் கேட்டாள்: "உங்கட நாடு எந்தப் பக்கம்? எனக்குச் சரியாத் தெரியாது. நான் இப்பிடித்தான் வீசுறன்." கையை நீட்டிக் காட்டினாள்.

"அது பெல்ஜியம் பக்கம்," என்றேன்.

அவள் திடுக்கிட்டுப்போனாள். இத்தனை நாளும் வீசிய பால் முழுவதும் வழி தவறிப் போய்விட்டதே என்று அவளுக்குக் கவலை. நான் பல்கனிக்குப் போய், சூரியன் எழும்புகிற இடத்தைப் பார்த்து, அதிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளிக் கையைக் காட்டினேன். "இந்தப் பக்கம்." அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அதற்குப் பிறகு உடுப்புகளை உள்ளே காயப்போட்டேன். விடிய எழும்பியதும் முதல் வேலை கம்பியைப் பார்ப்பது. துளிகள் இருந்தால் சரி, தேத்தண்ணி வைப்பேன். மேலே அவள் பால் வீசும்போது தன் பாசையில் ஒரு சில சொற்கள் சொல்வது கேட்கும். என்னவென்று கேட்டேன். "வழி நல்லா இருக்கட்டும், குதிரை நல்லா இருக்கட்டும், வா எண்டு கூப்பிடுறது," என்றாள். "அவரிட்டைக் குதிரை இல்லை, ஒரு ஓட்டைச் சைக்கிள்தான் இருக்கு," என்றேன். அடுத்த நாளிலிருந்து சைக்கிளையும் சேர்த்துச் சொன்னாள்.

அவர் இருந்திருந்துவிட்டுத் தொலைபேசி எடுப்பார். தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று எடுப்பதால் அவசரமாகப் பேசுவார். நான் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், அவர் குளிர் எப்படி என்று கேட்பார். பிறகு இடம் மாறி இடம் மாறி எடுத்தார். ஒவ்வொரு இடமும் முந்தினதைவிடக் கடலுக்குக் கிட்ட. இரண்டாயிரத்து ஒன்பது தொடங்கியபோது அழைப்புகள் குறைந்தன. சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்கள் தெருவில் இறங்கினோம். டுசெல்டோர்ஃபில் ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்று குரல் அடைக்கக் கத்தினோம். மேல்வீட்டுக்காரியும் வந்தாள். என்ன சொல்லிக் கத்துகிறோம் என்று தெரியாமலேயே கத்தினாள். பக்கத்துக் கடையிலிருந்து வெளியே வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக அவர் எடுத்தது பங்குனியில். பின்னால் ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அம்மா போயிட்டா," என்றார். "பால் ஊத்தக்கூட ஏலேல்லை. அப்பிடியே விட்டிட்டு வந்திட்டம்." நான் அழத் தொடங்க, "அழாதையும், நேரமில்லை," என்றார். பிறகு, "மேல்வீட்டுத் தங்கச்சி இப்பவும் பாடுறவவோ?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். அவள் பாடிக் கனநாள் ஆகியிருந்தது. "நல்லது," என்றார். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். முகாம்களுக்கு வந்தவர்களிடம் சொந்தக்காரர்கள் அவருடைய படத்தைக் காட்டிக் கேட்டார்கள். ஒருவர், கடலேரிக் கரையில் கண்டேன் என்றார். இன்னொருவர், அது இவர் இல்லை என்றார். கண்டேன் என்றவரைத் திரும்பக் கேட்டபோது அவருக்கும் சந்தேகமாகிவிட்டது. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.

அவருடைய மூத்த சகோதரி, எனக்கு மச்சாள், டோர்ட்முண்டில் இருக்கிறா. அந்த வருசக் கடைசியில் வந்து என் சமையலறையில் இருந்தா. "நீர் யோசியும். ஆத்துமா அலையுமெல்லே? கிரியை செய்யாம விடக்கூடாது. ஐயரோட கதைச்சிட்டன்," என்றா. கெட்டவ இல்லை. தாயையும் தம்பியையும் ஒரே கடற்கரையில் பறிகொடுத்தவ, ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்கவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தா. மறுத்துப் பேச எனக்குப் பலம் இல்லை. உங்கள் விருப்பம் என்றேன்.

உடல் இல்லாதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டி எரிப்பார்கள். தொடர்மாடியில் எங்கே எரிக்கிறது? ஐயர் கேக் வேகவைக்கிற அலுமினியத் தட்டைக் கேட்டு வாங்கி, பல்கனியில் வைத்து, கைப்பிடி அளவு புல்லைக் கொளுத்தினார். மச்சாளின் மூத்த மகன் அலுவலகத்தில் அரை நாள் விடுமுறை எடுத்து வந்து கொள்ளி வைத்தான். பிறகு, அடுத்த நாளுக்கு நிற்காமல், அந்தச் சாம்பலில் பால் ஊற்றினான். முகத்தைத் துடைக்கிற கடதாசிகள் எல்லோர் கையிலும் இருந்தன. எனக்கு ஒரு துளி வரவில்லை. யாருடைய வீட்டுக் காரியத்திலோ இருப்பது போல இருந்தேன். மச்சாள் வந்து பொட்டை அழிக்கச் சொன்னா. அழித்தேன். தாலியைக் கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

பின்னேரம் மேல்வீட்டுக்காரி வந்தாள். நிலைப்படியைத் தாண்டிக் காலை வைத்தாள். மாலை போட்ட படத்தையும் விளக்கையும் பார்த்தாள். அதற்கு முன்னால் குனிந்து நின்றாள். அழவில்லை. அழுதால் போகிறவருடைய வழியில் அது ஆறாகி நிற்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு மேலே போனாள்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பல்கனிக் கதவைத் திறந்தேன். கம்பியில் உறைபனி மட்டும் இருந்தது. பிந்தி எழும்பியிருப்பாள் என்று நின்றேன். மேலே அவள் நடப்பது கேட்டது, குழாயைத் திறப்பது கேட்டது. பல்கனிக் கதவு திறக்கவில்லை. நேற்றுப் புல் எரிந்தபோது வராத பயம் அப்போது வந்தது.

செருப்பும் போடாமல் படியேறினேன். அவள் வேலைக்கு உடுத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் இண்டைக்கு ஊத்தேல்லை?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "நேற்று உங்கட வீட்டில அவரை அனுப்பியாச்சே."

"அதுக்கு?"

"அனுப்பின ஆளைப் பின்னால நிண்டு கூப்பிடக்கூடாது. அவருக்குப் போகவும் ஏலாது, வரவும் ஏலாது. நடுவழியில நிப்பார்."

"அனுப்பினது அவற்ற அக்கா," என்றேன். "நான் அனுப்பேல்லை. நிப்பாட்டச் சொல்லி நான் உனக்குச் சொன்னனானோ?" குரல் உயர்ந்துவிட்டது. முதல் மாடிக் கிழவருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். "ஆரைக் கேட்டு நிப்பாட்டினனி?"

அவள் உள்ளே போய்க் கிண்ணத்தில் பால் ஊற்றிக் கரண்டியோடு கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "அப்ப நீ ஊத்து. நீதான் அந்த வீட்டுப் பொம்பிளை."

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். "எனக்கு ஏலாது. நான் ஊத்தினா அது காடாத்து. உன்ர கையால ஊத்தினா அவர் வழியில இருக்கிறார். என்ர கையால ஊத்தினா அவர் செத்துப்போவார். நீதான் ஊத்தவேணும்."

இதையெல்லாம் எந்த ஜெர்மனில் சொன்னேனோ தெரியாது. அவளுக்கு விளங்கியது. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போனாள். நான் பின்னால் நின்றேன். வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. நான் காட்டிய அந்தப் பக்கத்தைப் பார்த்துத் திரும்பி, கரண்டியால் அள்ளி வீசினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை, கிண்ணம் முடியும்வரை வீசினாள்.

ஆனால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வா என்று கூப்பிடவில்லை. நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூடியபடியே இருந்தது.

அவள் உள்ளே வந்து, "சரியோ?" என்று கேட்டாள்.

"சரி," என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். படியில் இறங்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.